முகூர்த்தம் காலை 9.40, வழி 540 கிலோமீற்றர்

மார்கழியில் கலியாணம் வைக்கமாட்டோம், தை பிறந்ததும் வைப்போம். யாழ்ப்பாணத்தில் அது பொருத்தமான ஏற்பாடு. மாரி மழை ஓய்ந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது, காலபோக நெல்லு வீட்டுக்கு வரும் நேரம், கையிலும் கொஞ்சம் காசு புழங்கும். கனடாவில் அதே தை, ஜனவரி நடுப்பகுதியில் தொடங்கிப் பெப்ரவரி நடுப்பகுதியில் முடிகிறது. வருடத்தில் அதைவிடக் குளிரான நான்கு கிழமைகளைத் தேடினாலும் கிடைக்காது. முகூர்த்த நேரத்தை ரொறன்ரோவுக்கென்றும் மொன்றியலுக்கென்றும் தனித்தனியாகக் கணித்துத் தருகிறார்கள். மாதத்தை மட்டும் ஒருவரும் திருத்துவதில்லை.

அதனால் இங்கே பலர் கலியாணத்தை ஆனிக்கும் ஆவணிக்கும் தள்ளிவிடுகிறார்கள். கோடையில் நல்ல மண்டபம் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முந்திப் பதியவேண்டும், வாடகையும் அதற்கேற்ற மாதிரி. காத்திருக்க முடியாதவர்களும் காத்திருந்து களைத்தவர்களும் தையைப் பிடிக்கிறார்கள். என் தோழி இரண்டாவது வகை.

நானும் அவளும் தொண்ணூறுகளில் மொன்றியலின் கோட்-தே-நேஜ் பகுதியில் ஒரு நிலவறை வீட்டில் ஒன்றாகக் குடியிருந்தவர்கள். ஷாபனெல் வீதியில் தையல் தொழிற்சாலை வேலை. அந்தக் காலத்தில் முதலில் மொன்றியலில் இறங்கிப் பிறகு ரொறன்ரோவுக்கு நகர்ந்த பலரைப்போல நானும் நகர்ந்துவிட்டேன். அவள் அங்கேயே நின்றாள். தாய் தகப்பனைக் கூப்பிட்டாள், ஒரு தங்கச்சியையும் இரண்டு தம்பிமாரையும் கூப்பிட்டாள், மூவரையும் கரைசேர்த்தாள். தன் கலியாணத்தை ஐம்பது வயதுக்குப் பிறகுதான் யோசித்தாள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், நிதானமான மனிதர். எல்லாம் பேசி முடித்த பிறகும் "சனம் சிரிக்குமடி" என்று கோடையைக் கடத்தினாள். ஒருநாள் போன் எடுத்து, "தையில ஞாயிற்றுக்கிழமை ஒண்டு சரிவந்திருக்கு. நீ வராட்டில் நான் மணவறையில இருக்கமாட்டன்" என்றாள். அதற்குப் பிறகு போவதா விடுவதா என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. எப்படிப் போவது என்பதுதான் பேச்சு.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, குளித்து, நடுச்சாமத்தில் ரொறன்ரோவிலிருந்து புறப்படுவது. விடியற்காலை மொன்றியல். மண்டபத்துக் கழிப்பறையில் சேலை மாற்றல். தாலி கட்டினதும் சாப்பாடு. அன்று பின்னேரமே திரும்பி, திங்கள் காலை வேலை. கோடையில் ஐந்தரை, ஆறு மணி நேர ஓட்டம், இளம் பிள்ளைகள் மாறி மாறி ஓடிச் சமாளிக்கிறார்கள். அதையே தையிலும் செய்வதை நான் கெட்டித்தனம் என்று சொல்லமாட்டேன். இரவில் தெருவின் நிறம் தெரியாது. ஈரமாக மினுங்குகிறதா, கண்ணாடிப் பனியாக உறைந்து கிடக்கிறதா என்று பகலிலேயே கண்டுபிடிப்பது கடினம். தெருவுக்குப் போடும் உப்பும் மைனஸ் பத்துக்குக் கீழே போகப் போகச் சோம்பலாகத்தான் வேலை செய்யும், இரவில்தான் வெப்பநிலை அங்கே இறங்கும். பாலங்கள் மற்றத் தெருவுக்கு முந்தியே உறையும், ஏனென்றால் கீழேயும் குளிர்காற்று. இதற்கு மேலே நித்திரை.

ஆகவே நாங்கள் வைத்த முதல் விதி: ஞாயிறு காலைக் கலியாணத்துக்கு வெள்ளிக்கிழமை புறப்படுவது. சனிக்கிழமை கையிருப்பு நாள். வழியில் எங்காவது நிற்கவேண்டி வந்தால் நிற்க ஒரு நாள் வேண்டும். இவர் முதலில் "ரெண்டு நாள் லீவா?" என்று முகத்தைச் சுளித்தார். முகூர்த்தம் 9.40க்கு, அது எங்களுக்காக நகராது, தெருதான் நகரும் என்றேன். பிறகு அவரே ஹோட்டல் பதிந்தார். இரத்துச் செய்தால் காசு திரும்பும் அறையாகப் பார்த்துப் பதியச் சொன்னேன். விலை கொஞ்சம் கூட. குளிர்காலப் பயணத்தில் அந்த வித்தியாசத்தைக் காப்புறுதிக் காசு என்று எழுதிவிட வேண்டியதுதான்.

புதன்கிழமை கனடாச் சுற்றுச்சூழல் திணைக்களத்தின் முன்னறிவிப்பில், தென்மேற்கிலிருந்து ஒரு பெரிய பனிப்புயல் சனிக்கிழமை ஒன்ராறியோவுக்குள் வருவதாகப் போட்டிருந்தார்கள். ரொறன்ரோவில் காலையில் தொடங்கும், மொன்றியலை மாலையில் எட்டும். இந்த இடத்தில் ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். புயல் போவதும் கிழக்கே, நாங்கள் போவதும் கிழக்கே. அது காரைவிட மெதுவாக நகரும். அதற்கு முன்னால் புறப்பட்டுவிட்டால் வழி முழுக்க அதற்கு முன்னாலேயே போகலாம். அதோடு புறப்பட்டால் வழி முழுக்க அதற்குள்ளேயே போகவேண்டும். மோசமானது மூன்றாவது: புயல் ரொறன்ரோவைக் கடந்து வானம் வெளித்த பிறகு, "இனிப் பிரச்சினை இல்லை" என்று புறப்படுவது. காய்ந்த தெருவில் ஓடிப்போய் நடுவழியில் அதன் வாலைப் பிடிப்போம், களைத்திருக்கும் நேரத்தில், பெரும்பாலும் இருட்டில். திரும்பி மேற்கே வரும்போது கணக்கு மாறிவிடும். எதிரெதிராக வருவதால் புயலைச் சீக்கிரம் கடந்துவிடலாம்.

ரயிலில் போகலாமே என்று மகள் கேட்டாள். சாதாரண நாளில் நல்ல யோசனைதான். ஆனால் 2022 கிறிஸ்மஸுக்கு முந்திய புயலில் கோபர்க் அருகே ரயில் மரத்தில் மோதிப் பயணிகள் இரவு முழுக்க அதற்குள்ளேயே அகப்பட்டிருந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதோடு எங்களிடம் மாலைகள் இருந்தன, அம்மா இருந்தா.

கார் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை, ரயரைத் தவிர. கியூபெக்கில் பதிந்த வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படிச் சட்டம் இல்லை. அதனால் எங்கள் பக்கம் "ஓல் சீசன் போதும்" என்று ஓடுகிறவர்கள் நிறைய. சாதாரண ரயரின் இறப்பர் ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழேயே இறுகத் தொடங்கிவிடும், தெருவைப் பிடிக்காது. மலை உருவத்துக்குள் பனித்துகள் அடையாளம் போட்ட ரயர்தான் உண்மையான குளிர்கால ரயர். 2016 முதல் ஒன்ராறியோவில் காப்புறுதி நிறுவனங்கள் இதற்குக் கழிவு தரவேண்டும், கேட்டு வாங்குங்கள். குளிர் கூடினால் ரயரில் காற்றழுத்தமும் குறையும், புறப்படும் நாள் காலையில் பார்க்கவேண்டும், கராஜில் நின்ற சூட்டில் பார்க்கக்கூடாது.

இரண்டாவது, கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர். ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் பக்கம் போகும் பெருந்தெருவான 401இல் முன்னால் போகும் ட்ரக்குகள் உப்புச் சேற்றை வீசிக்கொண்டே போகும். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி வெள்ளை. ஒரு பயணத்தில் ஒரு முழுக் கான் முடிந்துவிடும். மைனஸ் 40 என்று எழுதியதாக வாங்கி, இன்னொரு கான் டிக்கியில் வைத்தோம். கோடைத் தண்ணீர் மிச்சம் இருந்தால் அதை முதலில் அடித்து முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் குழாயிலேயே உறைந்துவிடும். மற்றவை எல்லோருக்கும் தெரிந்தவை: போர்வை, சவள், ரோச் லைற், பற்றரிக்குப் போடும் வயர், போன் சார்ஜர், ஒரு சுருள் மெழுகுதிரி, தண்ணீர், முறுக்கு. எரிபொருள் அரைத் தாங்கிக்குக் கீழே இறங்கவிடக்கூடாது. சவளை டிக்கியின் அடியில் வைத்து அதற்கு மேலே பெட்டிகளை அடுக்குகிற வேலையை இவர் செய்தார். நான் எடுத்து மேலே வைத்தேன்.

பிறகு பூ. மணவறை மாலை, சடைநாகத்துக்கு மல்லிகை, வெற்றிலை எல்லாவற்றையும் ஸ்காபரோவில் வாங்கி வரச் சொல்லியிருந்தாள், அங்கே தெரிவு அதிகம். பூவை டிக்கியில் வைத்தால் ஒரு மணித்தியாலத்தில் உறையும். உறைந்த மல்லிகை, சூட்டுக்கு வந்ததும் மண்ணிறமாகி வாடிவிடும். வெற்றிலை கறுக்கும். காருக்குள் வைக்கலாம், ஆனால் ஹீற்றர் காற்றுப் படும் இடத்தில் வைத்தால் அவிந்துவிடும். நாங்கள் செய்தது இது: மாலைகளை ஈரத் துணி போட்ட மட்டைப்பெட்டியில் வைத்து, பின் இருக்கையில் அம்மாவுக்குப் பக்கத்தில் கட்டி, பின்பக்க ஹீற்றரை மூடிவிட்டோம். அம்மாவுக்குப் போர்வை இரண்டு. "பூவுக்கு இருக்கிற மரியாதை எனக்கில்லை" என்று கிங்ஸ்ரன் வரை முணுமுணுத்துக்கொண்டு வந்தா. வீட்டிலிருந்து காருக்கும் காரிலிருந்து கட்டடத்துக்கும் கொண்டுபோகும் அந்த ஒரு நிமிடத்துக்கும் பெட்டியைப் போர்த்தவேண்டும், மைனஸ் இருபதில் ஒரு நிமிடமே போதும். தேங்காயும் உள்ளேதான். உறைந்தால் இளநீர் விரிந்து ஓடு வெடிக்கும், சகுனம் பார்க்கிற சனத்துக்கு முன்னால் அது வேண்டாம்.

அம்மாவின் இன்சுலின் அதைவிட முக்கியம். உறைந்த இன்சுலினை உருகவிட்டுப் பாவிக்கக்கூடாது, எறியத்தான் வேண்டும். கைப்பையை ஓய்விடத்தில் காருக்குள்ளே விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது உறைந்திருக்கலாம். அதை அம்மாவின் ஜக்கற்றின் உட்பையில் வைத்து ஊசியால் தைத்து மூடிவிட்டேன்.

வெள்ளி மதியம் ஒரு மணிக்குப் புறப்பட்டோம். ரொறன்ரோவின் பின்னேர நெரிசலுக்கு முந்தி ஓஷவாவைத் தாண்டவேண்டும் என்பது திட்டம், தாண்டினோம். வெயில்கூட எறித்தது. ரென்ரன் ஓய்விடத்தில் தேத்தண்ணி. பெல்வில் கழிந்ததும் வானம் ஒரு பக்கம் மட்டும் கறுத்தது. ஒன்ராறியோ ஏரி முழுவதும் உறைவதில்லை. அதன் மேலால் வரும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் கொட்டும். ஐந்து கிலோமீற்றர் வெயில், அடுத்த ஐந்து கிலோமீற்றரில் முன்னால் போகும் காரின் சிவப்பு லைற் மட்டும்தான். பெரிய புயலின் முன்னறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இந்தச் சின்னதையும் எதிர்பார்த்தே இருந்தோம், ஆனால் நேரில் அது வேறு. முன் லைற்றைக் கையால் போடச் சொன்னேன். பழைய கார்களில் பகலில் தானாக எரிவது முன் லைற் மட்டும்தான், பின்னால் வருகிறவனுக்கு நாங்கள் தெரியமாட்டோம்.

நபனி வரும் முன்னரே மின்பலகையில் 'முன்னால் விபத்து, தெரு மூடியுள்ளது' என்று வந்தது. தெருநிலை சொல்லும் ஒன்ராறியோ 511 தளத்தை நான் போனில் பார்த்துக்கொண்டே வந்ததால் அடுத்த வெளியேறும் பாதையிலேயே இறங்கினோம். அடுத்ததைத் தவறவிட்டவர்கள் மணிக்கணக்கில் நின்றிருப்பார்கள். 401 ஓரமாக அவசர மாற்றுப்பாதைப் பலகைகள் இருப்பதைப் பலர் கவனித்திருக்கமாட்டார்கள். பெருந்தெரு மூடப்பட்டால் அவற்றைப் பிடித்துப் போகலாம். நபனியிலிருந்து பழைய இரண்டாம் இலக்கத் தெரு ஒடெசா வழியாகக் கிங்ஸ்ரனுக்குப் போகிறது. எல்லோரும் அதிலேதான். இருபது, முப்பதில் ஊர்ந்தோம். முன்னால் பனி அள்ளும் வண்டி நீல லைற் மினுக்கிக்கொண்டு போனது. யாரோ ஒருவர் அதை முந்தப் பார்த்தார். அந்த வண்டிக்குப் பின்னால் உள்ள தெருதான் அந்த நேரத்தில் ஒன்ராறியோவிலேயே பாதுகாப்பான தெரு, முன்னால் உள்ளது மோசமான தெரு. ஏன் முந்துகிறார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கிங்ஸ்ரனில் ஆறு மணி. இவருக்குக் கண் சிவந்திருந்தது. "இன்னும் மூண்டு மணித்தியாலம்தானே, போயிடலாம்" என்றார். புறப்படும் முன்னரே நாங்கள் பேசி வைத்திருந்த இரண்டாவது விதி இந்த இடத்தில் உதவியது: இருட்டி, களைப்பும் வந்தால், எங்கே நிற்கிறோமோ அங்கே படுப்பது. அந்த நேரத்தில் களைப்போடு இருந்து முடிவெடுக்கக்கூடாது, முடிவு வீட்டிலேயே எடுத்திருக்கவேண்டும். அன்றிரவுக்கான மொன்றியல் அறையை இரத்துச் செய்தேன், காசு திரும்பியது. கிங்ஸ்ரனில் நெடுஞ்சாலையோரத்தில் ஒரு சாதாரண விடுதி. பூப்பெட்டியைக் குளியலறையில், சூடு குறைவான மூலையில் வைத்தோம். அம்மா கட்டுச்சோற்றைப் பிரித்தா. புளிச்சாதமும் கத்தரிக்காய்ப் பொரியலும் முட்டையும்.

சனி காலை ஏழு மணிக்குத் தெரு கழுவித் துடைத்தது போலிருந்தது. கிங்ஸ்ரனிலிருந்து மொன்றியல் ஏறத்தாழ 290 கிலோமீற்றர். மலரிரவுனில் ஒருமுறை மட்டும் நின்றோம். கியூபெக் எல்லையில் 401 முடிந்து 20ஆம் இலக்கத் தெருவாகிறது. பலகைகள் பிரெஞ்சுக்கு மாறும். பதினொன்றரைக்கு மொன்றியலை அடுத்த லவாலில் இருந்தோம். அப்போது ரொறன்ரோவில் பனி கொட்டத் தொடங்கிவிட்டதாக மகள் படம் அனுப்பினாள்.

மொன்றியலுக்கு அடிக்கடி போகாதவர்களுக்கு இரண்டு விஷயம். மொன்றியல் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக்கூடாது. ரொறன்ரோக் கை தானாகத் திருப்பிவிடும், கவனம். மற்றது தெருவோரத்தில் காரை நிறுத்துவது. பெரிய பனி கொட்டி முடிந்ததும் மாநகரம் தெருத்தெருவாகப் பனியை அள்ளி ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போகும். அதற்கு முன் செம்மஞ்சள் நிறத் தற்காலிகப் பலகைகளை நட்டுவிடுவார்கள், காலை 7 முதல் மாலை 7 வரை அல்லது மாலை 7 முதல் காலை 7 வரை நிறுத்தக்கூடாது என்று. அந்த நேரத்தில் சங்கு ஊதிக்கொண்டு இழுவை வண்டி வரும். அந்தச் சங்கொலியை நான் முப்பது வருடத்துக்குப் பிறகும் நித்திரையில் அடையாளம் காண்பேன், நாங்கள் நிலவறையில் இருந்த காலத்தில் வீட்டுக்காரர் சாரத்தோடு காரை எடுக்க ஓடுவார். இழுத்த காரைப் பெரும்பாலும் பக்கத்துத் தெருவில்தான் விடுவார்கள், எங்கே என்று மாநகரத் தளத்தில் பார்க்கலாம். அபராதம் தனி. கலியாண வீட்டுக்குப் போனால் உள்ளூர்க்காரரிடம் கேட்டு அவர்களுடைய வளவுக்குள் நிறுத்துங்கள்.

அன்று பின்னேரம் தோழியின் வீட்டில் பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்தபோது யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் போயிற்று. அவள் வெளியே பார்ப்பதை நிறுத்தவில்லை. "98 மாதிரி வராது" என்றேன். 1998 ஜனவரியில் நாட்கணக்காக உறைமழை பெய்து, மின்கம்பிக் கோபுரங்களே மடங்கி விழுந்து, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இருட்டில் கிடந்தபோது நாங்கள் இருவரும் ஒரே போர்வைக்குள் மெழுகுதிரியோடு இருந்தவர்கள். பனி கொட்டினால் மெதுவாகவேனும் ஓடலாம். உறைமழை என்று முன்னறிவிப்பில் கண்டால் காரை எடுக்கவே கூடாது, அதில் திறமைக்கு இடமில்லை.

மேளகாரர் ரொறன்ரோவிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வெள்ளி இரவே வந்து இறங்கிவிட்டார்களாம். குளிர்காலம் முழுக்க இந்தத் தெருவில் ஓடித் தொழில் செய்கிறவர்கள் அவர்கள். தவிலைக் காரில் விடுவதில்லை, படுக்கிற அறைக்கே கொண்டுபோகிறோம் என்றார் தவில்காரர். எப்போது புறப்படுவது என்று குழம்புகிறவர்களுக்கு நான் சொல்வது: மேளகாரர் எப்போது போகிறார் என்று கேளுங்கள்.

வராமல் இருந்தவன் தோழியின் கடைசித் தம்பி. அவன்தான் மாப்பிள்ளைத் தோழன். சனி இரவு பத்து மணி வரை அவனுக்கு ரொறன்ரோவில் வேலை, லீவு கிடைக்கவில்லை. பதினொரு மணிக்கு அக்காவுக்குப் போன்: "இஞ்சை ஸ்நோ நிண்டிட்டுது அக்கா, தெரு வடிவாக் கிடக்கு, வெளிக்கிட்டிட்டன்." எனக்கு வயிறு கலங்கியது. வரைபடத்தில் புயலின் வால் அப்போது கிங்ஸ்ரனுக்கும் கோர்ன்வாலுக்கும் இடையில் நின்றது. திரும்பச் சொல்லு என்றேன். அவள் சொன்னாள். அவன் சிரித்தானாம்.

புரொக்வில் தாண்டிப் புயலைப் பிடித்திருக்கிறான். கோர்ன்வாலுக்கு முன்னால் ட்ரக் ஒன்று குறுக்கே மடங்கி, தெரு மூடி, அவன் நாலு மணியிலிருந்து அதே இடத்தில். இந்த நேரத்தில் அவனுக்கு நாங்கள் போனில் சொன்னவை எவருக்கும் பயன்படும். காரை விட்டு இறங்கி நடக்காதே. காற்றின் குளிர் மைனஸ் 28க்குக் கீழே இருந்தால் மூடாத தோல் பத்து நிமிடத்திலேயே உறையத் தொடங்கலாம். என்ஜினை மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் ஓடவிடு. ஒவ்வொரு முறையும் ஓடவிடும் முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை எடு, குழாய் அடைபட்டால் நச்சுவாயு உள்ளே வரும், அதற்கு மணமில்லை. காற்று அடிக்காத பக்கத்து யன்னலை ஒரு விரல் இறக்கிவை. போனில் படம் பார்க்காதே. அவனிடம் போர்வை இல்லை. மாப்பிள்ளைத் தோழனுக்கு வாங்கின பட்டு வேட்டியைப் பிரித்துக் காலில் சுற்றிக்கொண்டு இருந்தானாம்.

ஞாயிறு காலை 9.40க்கு முன் மாப்பிள்ளை வாசலில். ஐயர் நேரம் தள்ளமாட்டார், தள்ளச் சொல்லி ஒருவரும் கேட்கவும் இல்லை. தோழன் காலைக் கழுவி வரவேற்க, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடவேண்டும். தங்கச்சியின் மகனை, பதினான்கு வயதுப் பெடியனை, இழுத்து விட்டோம். பெருவாசலைத் திறந்து வைத்து, வெளியே மைனஸ் பதினெட்டில், மாப்பிள்ளை பூட்ஸைக் கழற்ற, செம்பில் நான் சுடுதண்ணீர் கலந்து கொடுத்தேன். அந்தச் சடங்கை வாசலில் செய்யாமல் உள்கதவுக்கு அப்பால் செய்யும்படி ஐயரிடம் முதல்நாளே கேட்டு வைப்பது நல்லது. அவர்கள் மறுப்பதில்லை. தரையைத் துடைக்க ஒருவர் தயாராக நிற்கவேண்டும், பூட்ஸ் பனியும் கால் கழுவிய தண்ணீரும் சேர்ந்தால் பட்டுச்சேலைக்காரர் வழுக்கி விழுவார்கள்.

தம்பி ஒரு மணிக்கு வந்தான், பந்தி நடந்துகொண்டிருந்தது. அக்கா மணவறைச் சேலையோடேயே எழும்பிப் போய் அவன் தலையில் ஒரு குட்டுக் குட்டினாள், பிறகு அழுதாள். மருமகன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்க மறுத்துவிட்டான். "நான்தானே கால் கழுவினனான்" என்றான். நியாயம்தான், அவனிடமே விட்டுவிட்டார்கள். தம்பியின் கார் அடுத்தநாள் காலை உயிர் பிடிக்கவில்லை. கடும் குளிரில் பற்றரியின் பலம் பாதியாகிவிடும், இரவு முழுக்க என்ஜினைப் போட்டும் நிறுத்தியும் வைத்த பழைய பற்றரி வேறு. இழுவைக்கும் புதுப் பற்றரிக்கும் அவன் கொடுத்த காசு, எங்கள் அறை வாடகையை விடக் கூட. இதை அவனிடம் சொல்லவில்லை, இவரிடம் சொன்னேன்.

உடுப்பு பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம், அதனால் எழுதுகிறேன். சேலையை ஹோட்டலில் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வராதீர்கள். வாகனத் தரிப்பிடத்தில் பத்தடி நடந்தாலே கரை உப்புத் தண்ணீரை உறிஞ்சிவிடும். நான் பாவாடைக்குள்ளே தடித்த லெக்கிங்ஸ் போட்டு, முழங்கால் வரை பூட்ஸ், மேலே நீள ஜக்கற், சேலை பையில். மண்டபத்தில் கட்டினேன். லெக்கிங்ஸைக் கழற்றவில்லை, ஒருவருக்கும் தெரியவில்லை. ஆண்கள் வேட்டிக்குள் தேர்மல் போடலாம், கறுப்பு வேண்டாம், ஊடுதெரியும். செருப்பைத் தனிப்பையில் கொண்டுபோங்கள். நகைகளைக் காரிலிருந்து எடுத்தவுடன் கழுத்தில் போடாதீர்கள், ஐந்து நிமிடம் உள்ளே வைத்துப் போடுங்கள், அட்டியல் பனிக்கட்டிபோல் இருக்கும். இரண்டு சோடி காலுறை கூடுதலாக வேண்டும். கோயில் கலியாணமென்றால் நான்கு.

திங்கள் காலை திரும்பினோம். வானம் நீலம், மைனஸ் இருபத்துநாலு, தெரு காய்ந்திருந்தது. கோர்ன்வால் பக்கத்தில் நடுப்பள்ளத்தில் கார்கள் இன்னும் கிடந்தன, கண்ணாடியில் மஞ்சள் நாடா கட்டி. அம்மா எண்ணத் தொடங்கினா, பிறகு விட்டுவிட்டா.

வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டிய வேலை இரண்டு. காரின் அடிப்பாகத்தைக் கழுவுவது, உப்பு அங்கேதான் தின்னும். கடும் குளிர் நாளில் கழுவினால் கதவுகள் உறைந்து ஒட்டும், வெப்பநிலை பூச்சியத்தைத் தொடும் நாள் வரை பொறுங்கள். தோல் பூட்ஸில் படிந்த வெள்ளை உப்புக் கோட்டுக்குத் தண்ணீரும் வினாகிரியும் சரிபாதி கலந்து துணியால் துடைத்தால் போகும். பட்டுக்கரையில் அதைப் பரிசோதிக்க வேண்டாம், சேலையை ட்ரை கிளீனிங்குக்கே கொடுங்கள், உப்புத் தண்ணீர் என்று சொல்லிக் கொடுங்கள்.